ராக்லி வில்சன்: பள்ளி விடுமுறையில் மட்டும் யார்க்‌ஷயருக்கு ஆடிய ஆசிரியர்

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

பாடிலைன் தொடரை, அதாவது 1932-33 ஆஷஸில் (இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) இங்கிலாந்து மட்டையாளரின் உடம்பைக் குறிவைத்துப் பந்துவீசியதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாக்கியம் தவறாமல் கூடவே வரும். 1932-ல் டக்ளஸ் ஜார்டினை இங்கிலாந்து கேப்டனாக அறிவித்தபோது, பள்ளியில் அவருக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் சொன்னதாகச் சொல்வார்கள்: ஆஷஸை ஜெயித்துவிடுவோம், ஆனால் ஒரு டொமினியனை இழந்தாலும் இழப்போம் என்று. ஆஸ்திரேலியா அன்று பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடு. ஆறு மாதத்தில் அந்த வார்த்தை ஏறக்குறைய பலித்துவிட்டது.

அந்த ஆசிரியர் ஈவ்லின் ராக்லி வில்சன். எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஜார்டினிடம் போய்விடுகிறார்கள். அந்த மனிதரின் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த இழை.

1879-ல் யார்க்‌ஷயரில், ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் உள்ள போல்ஸ்டர்ஸ்டோன் கிராமத்தில் பிறந்தவர். அப்பா பாதிரியார். ரக்பி பள்ளி, அப்புறம் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. முதல்தர கிரிக்கெட்டில் அவருடைய முதல் ஆட்டமே 1899-ல் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. வெப் என்பவர் திரட்டி வந்த அணிக்கு ஆள் குறைந்தபோது சேர்த்துக்கொண்டார்கள். 117 நாட் அவுட், இரண்டாவது இன்னிங்ஸில் 70. அதற்குப் பிறகு கேம்பிரிட்ஜ் அவரை வெளியே விடுமா? 1902-ல் கேப்டனே ஆனார். அவருக்கு முன் 1898-ல் அண்ணன் கிளெம் வில்சன் கேம்பிரிட்ஜ் கேப்டன். ஆக்ஸ்போர்டுக்கு எதிரான ஆட்டத்தில் அண்ணன் 1898-ல் 115, தம்பி 1901-ல் 118. அண்ணனும் இங்கிலாந்துக்காகத் தென்னாப்பிரிக்காவில் இரண்டு டெஸ்ட் ஆடியவர்தான், அப்புறம் அப்பாவைப் போலவே திருச்சபைக்குப் போய்விட்டார்.

ராக்லி 1903-ல் வின்செஸ்டர் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். கல்லூரி என்று பேர் இருந்தாலும் அது அன்று பையன்கள் தங்கிப் படித்த பள்ளி, 1382-ல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1957-ல் இறந்ததும் அந்த ஊரில்தான்.

நான் சொல்லவருவது இதுதான். 24 வயதிலிருந்து 34 வயது வரை, ஒரு ஆட்டக்காரனின் உடம்பும் கையும் நன்றாக இருக்கும் வயது. அந்த ஆண்டுகளில் அவர் யார்க்‌ஷயருக்கு ஆடவே இல்லை. 1913 ஆகஸ்டில் திரும்பி வந்து பிராட்ஃபோர்டில் எசெக்ஸுக்கு எதிராக 104 நாட் அவுட். போர் முடிந்த பிறகு 1920-ல் 41 வயதில் 64 விக்கெட், சராசரி 13.84. அந்தப் பத்தாண்டுகளைக் கவுண்டிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, கொடுத்திருந்தால் அவர் பெயர் எங்கே நின்றிருக்கும்? அவர் அவற்றைப் பள்ளிக்குக் கொடுத்தார். அது இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றித்தான் பேச ஆசை.

---

புதுப்பந்து எழுதியது:

சார், ஒரு அடிப்படைக் கேள்வி. பத்து வருஷம் ஆடாத ஒருவரை எப்படி யார்க்‌ஷயர் மாதிரி அணியில் திடீரென்று சேர்த்துக்கொள்ள முடியும்? அதுவும் ஆகஸ்டில் மட்டும்? இன்றைக்கு ரஞ்சி அணியில் கடைசி நான்கு ஆட்டத்துக்கு மட்டும் வருகிறேன் என்று யாராவது சொன்னால் விடுவார்களா?

---

லெக்கட்டர் எழுதியது:

தம்பி, அதற்குப் பதில் ஒரே வார்த்தைதான்: அமெச்சூர்.

இங்கிலாந்தில் 1962 வரை இரண்டு ஜாதி ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். ஜாதி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர் அமெச்சூர், ஜென்டில்மேன். சம்பளத்துக்கு ஆடுகிறவர் தொழில்முறை ஆட்டக்காரர், வெறும் பிளேயர். பல மைதானங்களில் இருவருக்கும் உடை மாற்றும் அறை தனித்தனி, களத்துக்கு இறங்கும் வாசல்கூடத் தனித்தனி. ஸ்கோர்கார்டில் அமெச்சூருக்கு முன்னெழுத்தோடு பேர் வரும், தொழில்முறைக்காரருக்கு மொட்டையாக வரும், அல்லது முன்னெழுத்து பின்னால் போகும். 1950-ல் லார்ட்ஸில் இளம் டிட்மஸ் இறங்கியபோது, அட்டையில் அவருடைய முன்னெழுத்து தவறிப்போய் முன்னால் அச்சாகிவிட்டது, பின்னால் இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்ன கதை ரொம்பப் பிரபலம்.

ஒரு கவுண்டி அணியின் கேப்டன் பதவி கிட்டத்தட்ட எப்போதும் அமெச்சூருக்குத்தான். யார்க்‌ஷயரில் ரோட்ஸ், ஹர்ஸ்ட் போன்றவர்கள் பின்னால் நடக்க, கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர் முன்னால் நடந்து வருவார்.

இப்போது ஆகஸ்ட் கதைக்கு வருகிறேன். பள்ளிக் கோடைப் பருவம் ஜூலை கடைசியில் முடியும். ஆசிரியர்கள் அப்போதுதான் கவுண்டிக்கு வருவார்கள். அவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும், இல்லையா? மே, ஜூன், ஜூலை மழையிலும் வெயிலிலும் ஓடிய ஒரு தொழில்முறை ஆட்டக்காரர்தான் போவார். அவருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. உட்காரவைத்தால் அது போச்சு. வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய பணம் அது.

எனவே பழைய ஸ்கோர்கார்டு அவர்களே, வில்சன் நல்ல மனிதராகவே இருக்கட்டும். விரும்பியபோது பத்து வருஷம் போகலாம், விரும்பியபோது திரும்பலாம் என்ற வசதி அவருக்குப் பிறப்பால் கிடைத்தது. அதைத் தியாகம் என்று எழுதாதீர்கள்.

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

//அதைத் தியாகம் என்று எழுதாதீர்கள்//

தியாகம் என்ற சொல்லை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவருக்குப் பிடித்த வேலையைச் செய்தார். அமைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, அதில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன்.

ஆனால் 1919-க்குப் பிந்தைய யார்க்‌ஷயரை மட்டும் தனியாகப் பாருங்கள். 1914 ஆகஸ்டில் அந்த அணிக்குப் பந்துவீசியவர்கள் மேஜர் பூத் (மேஜர் என்பது அவர் பெயரே, ராணுவப் பதவி இல்லை), அலான்சோ டிரேக். இருவருமே அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் வேறு யாருக்கும் பந்தைக் கொடுக்காமல் முழுக்கத் தாங்களே வீசி முடித்தார்கள். வெஸ்டன் சூப்பர் மேரில் டிரேக் ஒரே இன்னிங்ஸில் 35 ரன்னுக்குப் பத்து விக்கெட். இரண்டு ஆண்டு கழித்து 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், பூத் இறந்தார். 1919 பிப்ரவரியில் டிரேக் நோயில் போனார். ஹர்ஸ்டுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தச் சூழலில் நாற்பது வயது ஆசிரியர் ஒருவர் ஆகஸ்டில் வந்து நீளம் தவறாமல் மெதுவாக வீசி விக்கெட் எடுத்துக் கொடுத்தார். முன்னெழுத்துக்காகச் சேர்த்துக்கொண்ட ஆள் 13.84 சராசரியில் 64 விக்கெட் எடுக்க மாட்டார். யார்க்‌ஷயர் அந்த ஆண்டுகளில் விக்கெட் எடுக்காத ஒருவரை வைத்துக்கொண்டிருக்கும் அணியும் கிடையாது. 1922-லும் 1923-லும் சாம்பியன் அவர்கள்தான்.

இன்னொன்று. அன்று யார்க்‌ஷயரில் பிறந்தவர்தான் யார்க்‌ஷயருக்கு ஆட வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவர் அந்த மண்ணின் பையன். வின்செஸ்டர் ஹாம்ப்‌ஷயரில் இருக்கிறது. குடியிருந்த தகுதியை வைத்து ஹாம்ப்‌ஷயருக்கு ஆடியிருக்கலாம், சக ஆசிரியர் ஹாரி ஆல்தாம் அப்படித்தான் ஆடினார். ராக்லி ஆகஸ்டில் வடக்கே போனார்.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

நான் அரசுப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பாடம் நடத்துகிறேன், கிரிக்கெட்டும் விடாமல் பார்க்கிறேன். அதனால் இந்த இழையில் எனக்குப் பேச உரிமை இரண்டு பக்கமும் உண்டு.

லெக்கட்டர் சார், கூலி போன அந்த ஆட்டக்காரரை நினைவூட்டினீர்கள், நல்லது. ஆனால் ஒரு ஆசிரியரின் வருஷத்தை நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளிகளில் ஆசிரியர் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறவர் கிடையாது. மாணவர்களோடேயே வசிப்பவர். கோடைப் பருவம் என்றால் கிரிக்கெட் பருவம், தினமும் மதியத்துக்கு மேல் வலைப்பயிற்சி. அங்கே பையன்களுக்குப் பந்து போட வேண்டும். ஒரு பையனுக்கு இடதுகால் முன்னே வரவில்லை என்றால் அவனுக்கு அதே இடத்தில் நூறு பந்து விழ வேண்டும். நீளம் தவறாமல் வீசுகிற கை அப்படித்தான் உருவாகும். ராக்லி 41 வயதில் 64 விக்கெட் எடுத்தது ஆச்சரியம் என்று எழுதுகிறீர்கள். பத்து ஆண்டுகள் அவர் கவுண்டி ஆடவில்லையே தவிர, பந்து வீசாமல் இருக்கவில்லை என்பதுதான் என் ஊகம்.

பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டே கவுண்டிக்கு ஆடியவர்களில் என்னைக் கவர்ந்தவர் டெனிஸ் வில்காக்ஸ். 1930-களில் எசெக்ஸுக்குக் கேப்டன். எசெக்ஸ் கடற்கரையில் வெஸ்ட்கிளிஃபில் ஆலின் கோர்ட் என்ற சிறுவர் பள்ளியின் தலைமை ஆசிரியர் வேறு. பள்ளி நடக்கும்போது கவுண்டிக்கு வர முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? கேப்டன் பதவியையே டாம் பியர்ஸோடு பங்கு போட்டுக்கொண்டார்கள், கோடையின் பிற்பகுதி இவருக்கு. அந்தப் பள்ளியில் அவரிடம் கற்ற ஒரு பையன்தான் டிரெவர் பெய்லி, பின்னால் இங்கிலாந்துக்கு 61 டெஸ்ட் ஆடியவர்.

பெய்லி மாதிரி ஒரு மாணவர் கிடைத்தால் அந்த ஆசிரியரின் சராசரி எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

---

மிட்விக்கெட் எழுதியது:

ராக்லியின் ஒரே டெஸ்ட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. 1920-21 ஆஷஸ். வார்விக் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஆஸ்திரேலியா 5-0 என்று துடைத்து எடுத்த தொடர். ஆஷஸில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. ஐந்தாவது டெஸ்ட் சிட்னியில். 42 வயது ஆவதற்கு ஒரு மாதம்கூட இல்லை, அப்போது முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 392 எடுக்க, மகார்ட்னி மட்டும் 170. எல்லாரையும் அடித்து நொறுக்கிய அந்த இன்னிங்ஸில் ராக்லிக்கு 28 ரன்னுக்கு 2 விக்கெட். டெஸ்ட் முடிவில் மொத்தம் 36 ரன்னுக்கு 3. பேட்டிங்கில் 5, 5.

டெஸ்ட் பந்துவீச்சுச் சராசரி 12. இதை வைத்து அவரை மேதை என்று சொல்ல மாட்டேன், ஒரு ஆட்டம்தானே. ஆனால் தொடர் முழுக்க அடிவாங்கிய அணியில் அவரைக் கடைசி டெஸ்ட் வரை ஏன் உட்காரவைத்தார்கள்?

அந்தப் பயணத்தில் அவர் மேல் ஒரு புகாரும் உண்டு. லண்டன் பத்திரிகைக்குத் தந்தியில் ஆட்டச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பழைய ஸ்கோர்கார்டு விட்டுவிட்டாரே.

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

வைத்திருந்தேன், தனியாக எழுதலாம் என்று. இந்த மனிதரின் வாழ்க்கையில் மிகவும் சூடான பக்கம் அதுதான்.

ராக்லி டெய்லி எக்ஸ்பிரஸுக்கும் பெர்சி ஃபெண்டர் இன்னொரு லண்டன் நாளிதழுக்கும் எழுதினார்கள். பகலில் ஆட்டம், இரவில் தந்தி. அந்தத் தந்தியில் வந்தது லண்டனில் அச்சாகி, அதன் சாரம் மறுபடி தந்தியிலேயே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி, அங்கே பத்திரிகைகளில் வந்துவிடும். எழுதியவர் அதே ஊரில், அதே மைதானத்தில் நின்றுகொண்டிருப்பார். 

சிட்னியில் ஜாக் ஹாப்ஸ் காலில் காயத்தோடு ஃபீல்டிங் செய்தார். பந்தைத் துரத்த முடியவில்லை. காயம் தெரியாத கூட்டம் அவரைக் கூவிக் கேலி செய்தது. ராக்லிக்குப் பொறுக்கவில்லை, கூட்டத்தைக் கண்டித்துத் தந்தி அடித்தார். அது சிட்னிக்கே திரும்பி வந்து சேர்ந்தது. அடுத்து அவர் பேட் பிடித்து இறங்கியபோது அவரைக் கூவி விரட்டாத குறைதான், உறுப்பினர்கள் உட்காரும் பெவிலியனிலிருந்தே சத்தம் வந்தது. பயணம் முடிந்ததும், அன்று இங்கிலாந்து கிரிக்கெட்டை நடத்திவந்த கழகமான எம்.சி.சி. ஒரு விதி கொண்டுவந்தது: தான் ஆடும் ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரர் பத்திரிகையில் எழுதக் கூடாது.

இதில் என் கருத்து: விதி சரி. ராக்லி எழுதியதும் சரி. ஹாப்ஸ் யார்? சர்ரேயின் தொழில்முறை ஆட்டக்காரர், லெக்கட்டர் சொன்ன அந்த இன்னொரு வாசலில் வருகிறவர். அவருக்காக அமெச்சூர் ஒருவர் வெளிநாட்டுக் கூட்டத்தின் கோபத்தைத் தலையில் வாங்கிக்கொண்டார். அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

இப்போது 1932-க்கு வாருங்கள். ஜார்டின் கேப்டன் என்றதும் ராக்லி அப்படிச் சொன்னார் என்றால் அது ஏதோ சாமர்த்தியமான வாக்கியம் கிடையாது. சிட்னி கூட்டத்தின் குரல் காதில் வாங்கியவர் அவர். அவருடைய மாணவரின் பிடிவாதமும் அவருக்குத் தெரியும். இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்பே ஒரு பாதியைப் பார்த்துவிட்டார். 1933 ஜனவரியில் அடிலெய்டில் உட்ஃபுல்லின் நெஞ்சில் பந்து பட்டு, ஆஸ்திரேலிய வாரியம் தந்தி அனுப்பி, இரண்டு அரசாங்கங்கள் அதைப் பற்றிப் பேச வேண்டிவந்தது.

---

மிட்விக்கெட் எழுதியது:

இங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

//அவருடைய மாணவர்//

ஜார்டின் வின்செஸ்டரில் படித்தது 1914 முதல் 1919 வரை. அதில் நான்கு வருஷம் உலகப் போர். ராக்லி ரைஃபிள் பிரிகேடில் சேர்ந்து போருக்குப் போனவர். ஆல்தாமும் போருக்குப் போய்த்தான் டி.எஸ்.ஓ., மிலிட்டரி கிராஸ் விருதுகளோடு திரும்பினார். அப்படியென்றால் ஜார்டினின் முக்கியமான பள்ளி வருஷங்களில் இவர்கள் பக்கத்தில் இருந்த காலம் எவ்வளவு? வலையில் நின்று சொல்லிக்கொடுத்தது யார்?

ஸ்கோஃபீல்ட் ஹெய்க். 1914-ல் வின்செஸ்டருக்குப் பயிற்சியாளராக வந்தவர். யார்க்‌ஷயருக்கும் இங்கிலாந்துக்கும் ஆடியவர், முதல்தர கிரிக்கெட்டில் இரண்டாயிரத்துக்கும் மேல் விக்கெட். ஜார்டின் கதை எழுதும்போது அமெச்சூர் ஆசிரியரின் வாக்கியம் ஞாபகம் இருக்கிறது, சம்பளத்துக்கு வந்த பயிற்சியாளரை மறந்துவிடுகிறோம்.

---

லெக்கட்டர் எழுதியது:

அப்பாடா. நான் இதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஹெய்க் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்துக்காரர், பெர்ரி பிரௌ கிராமம். ராக்லி ஷெஃபீல்டு பக்கம். இரண்டு ஊரும் ஒரே கவுண்டி, ஒரே அணிக்கு ஆடியவர்கள், இருவருமே பந்துவீச்சாளர்கள், கடைசியில் ஒரே பள்ளியில் வேலை. ஒருவர் 467 விக்கெட், இன்னொருவர் 2,012. அந்த 467 எடுத்தவர் ஆசிரியர், சாப்பாட்டு மேஜையில் மற்ற ஆசிரியர்களோடு உட்காருவார். 2,012 எடுத்தவர் பயிற்சியாளர், பையன்கள்கூட அவரை வெறும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வர்க்கம் என்றால் என்ன என்று யாருக்காவது பாடம் நடத்த வேண்டுமானால் நான் வின்செஸ்டரின் அந்த இரண்டு நாற்காலிகளைக் காட்டுவேன்.

ஹெய்க் 1921 பிப்ரவரி 27 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் இறந்தார். 50 வயது நிறைய இன்னும் சில வாரங்கள். தேதியைப் பாருங்கள். சிட்னி டெஸ்ட் பிப்ரவரி 25 வெள்ளிக்கிழமை தொடங்கியது. 27 ஞாயிறு, ஓய்வு நாள். ராக்லி தன் ஒரே டெஸ்டை ஆடிக்கொண்டிருந்தபோது, பள்ளியில் கூட வேலை பார்த்த யார்க்‌ஷயர்க்காரர் ஊரில் காலமாகிவிட்டார்.

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

லெக்கட்டர், இரண்டு தேதிகளும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்துப் பார்த்ததில்லை. நன்றி.

மிட்விக்கெட் சொன்னதில் ஹெய்க்குக்கு உரியதை ஹெய்க்குக்குக் கொடுக்கிறேன். ஜார்டினின் தற்காப்பு ஆட்டத்தில், பந்து வரும் கோட்டுக்கு நேராக நின்று ஆடும் அந்த முறையில், ஹெய்க்கின் கை இருந்திருக்கத்தான் வேண்டும். 1919-ல் ஜார்டின் பள்ளிக் கேப்டன். 997 ரன், சராசரி 66. ஈட்டன் பள்ளியைத் தோற்கடித்தார்கள். அந்தப் பருவத்தில் ராக்லி திரும்பிவந்துவிட்டார், அதே ஆண்டு யார்க்‌ஷயருக்கும் ஆடினார்.

எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. பேட்டிங்கை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்திருக்கலாம். கேப்டனாக எதிராளியை ஆராய்வது, அவனுடைய பலவீனம் எங்கே என்று கண்டுபிடித்துப் பந்துவீச்சாளருக்குத் திட்டம் கொடுப்பது, இது புத்தகப் படிப்புள்ள கிரிக்கெட். ராக்லி அந்த வகை. கிரிக்கெட் நூல்கள், படங்கள், பழம்பொருட்கள் எல்லாம் திரட்டிவைத்திருந்தார், இங்கிலாந்தில் தனியார் வைத்திருந்த நல்ல சேகரிப்புகளில் ஒன்று. பெரும்பகுதி பின்னால் எம்.சி.சி.க்குப் போனது. சக ஆசிரியர் ஆல்தாம் கிரிக்கெட்டின் முழு வரலாற்றையே எழுதியவர், முதலில் பத்திரிகைத் தொடராக, 1926-ல் நூலாக. ஒரே பள்ளியில் இப்படி இரண்டு பேர். அங்கே படித்த பையனுக்குக் கிரிக்கெட் என்றால் மட்டையும் பந்தும் மட்டும் என்று தோன்றியிருக்காது, யோசிக்க வேண்டிய ஒன்று என்றே தோன்றியிருக்கும். பாடிலைன் சரியா தவறா என்பது வேறு வழக்கு. யோசித்துச் செய்தது என்பதில் யாருக்கும் ஐயம் வராது.

---

கணக்கு டீச்சர் எழுதியது:

போரைத் தொட்டுவிட்டு எல்லாரும் கடந்துவிட்டீர்கள். வின்செஸ்டர் பள்ளியில் 1924-ல் ஒரு நினைவு முற்றம் கட்டினார்கள், நான்கு பக்கமும் தாழ்வாரம். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர், நம் புது டில்லித் தலைமைச் செயலகக் கட்டடங்களைக் கட்டியவர். அந்தச் சுவரில் முதல் உலகப் போரில் இறந்த 500 முன்னாள் மாணவர்களின் பெயர்கள்.

ராக்லி வேலைக்குச் சேர்ந்தது 1903. அவர் வகுப்பில், அவர் வலையில் நின்ற பையன்கள் 1914-ல் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்திருப்பார்கள். சரியாகப் போருக்குப் போகிற வயது. அந்த 500 பேரில் எத்தனை பேருக்கு அவர் பந்து போட்டிருப்பார்? ஒரு ஆசிரியையாக என்னால் இதைத் தாண்டி அவருடைய சராசரியைப் பற்றிப் பேச முடியவில்லை. 1919-ல் அவர் மறுபடி ஒரு புது வகுப்பின் முன்னால் போய் நின்றார். ஆகஸ்டில் யார்க்‌ஷயருக்கு ஆடினார். பழைய ஸ்கோர்கார்டு கேட்ட கேள்விக்கு, அந்தப் பத்தாண்டு எங்கே போனது என்பதற்கு, பாதிப் பதில் அந்தச் சுவரில் இருக்கிறது.

---

லெக்கட்டர் எழுதியது:

டீச்சர், இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பூத் பெயரும் இன்னொரு சுவரில் இருக்கும், அவர் கூலிக்கு ஆடியவர். போர் அந்த வாசல் வேறுபாட்டைப் பார்க்கவில்லை.

---

புதுப்பந்து எழுதியது:

இதில் இந்தியாவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா? ஜார்டின் பம்பாயில் பிறந்தவர் என்று படித்திருக்கிறேன்.

---

மிட்விக்கெட் எழுதியது:

உண்டு தம்பி, நிறையவே. ஜார்டின் 1900-ல் பம்பாயில் பிறந்தவர்தான், அப்பா அங்கே வழக்கறிஞர். 1933-34-ல் இங்கிலாந்து அணியை இந்தியாவுக்கு அழைத்துவந்தார். மூன்றாவது டெஸ்ட் சேப்பாக்கத்தில், 1934 பிப்ரவரி. சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் அது. ஒரு பக்கம் அமர் சிங் 86 ரன்னுக்கு ஏழு விக்கெட், இன்னொரு பக்கம் யார்க்‌ஷயரின் ஹெட்லி வெரிட்டி 49 ரன்னுக்கு ஏழு விக்கெட். ஜார்டின் ஆடிய கடைசி டெஸ்டும் அதுதான். ராக்லியின் மாணவர் டெஸ்ட் வாழ்க்கையை முடித்துக்கொண்டது நம் ஊரில்.

அப்புறம் பட்டோடி. அப்பா இஃப்திகார் அலி கான், ஜார்டினின் பாடிலைன் அணியில் இருந்தவர். முதல் டெஸ்டில் சதம் அடித்தார். பாடிலைனுக்காக லெக் சைடில் அமைத்த ஃபீல்டர் வளையத்தில் போய் நிற்க மாட்டேன் என்றார், இரண்டாவது டெஸ்டுக்குப் பிறகு இடம் போனது. மகன் மன்சூர் அலி கான் படித்தது எங்கே? அதே வின்செஸ்டர். 1959-ல் பள்ளிக் கேப்டன், 1,068 ரன், ஜார்டினின் நாற்பது வருஷச் சாதனையை முறியடித்தார். ராக்லி அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். ஆனால் அந்தப் பள்ளியில் அப்போது ஹியூபர்ட் டாகர்ட் ஆசிரியர், அவரும் இங்கிலாந்துக்கு இரண்டு டெஸ்ட் ஆடிய அமெச்சூர்.

---

புதுப்பந்து எழுதியது:

டாகர்டுக்குப் பிறகு இந்த வழி நின்றுவிட்டதா?

---

பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

ஏறக்குறைய. 1962 செப்டம்பரில் ஸ்கார்பரோவில் ஜென்டில்மேன் - பிளேயர்ஸ் ஆட்டம் கடைசியாக நடந்தது. அந்தக் குளிர்காலத்தில் அமெச்சூர் என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள், 1963 முதல் எல்லாரும் வெறும் கிரிக்கெட்டர். லெக்கட்டர் சொன்ன இரண்டு வாசலும் ஒன்றானது. ஐம்பது ஆண்டு முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

ஆசிரியர்கள் வருவதும் அதோடு குறைந்துபோனது. டாகர்ட் பின்னால் புரூட்டனில் கிங்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். கேம்பிரிட்ஜுக்கும் சாமர்செட்டுக்கும் ஆடிய டெனிஸ் சில்க் 1968 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ராட்லி பள்ளியின் தலைவர். இருவருமே எம்.சி.சி. தலைவர்களாகவும் இருந்தார்கள். ஆனால் இவர்கள் தலைமை ஆசிரியர்களானபோது கவுண்டி ஆட்டம் முடிந்துவிட்டது. பள்ளி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு யார்க்‌ஷயரின் ஹெடிங்லி மைதானத்துக்குப் போய் ஆகஸ்ட் முழுக்கப் பந்துவீசும் ஆசிரியர் என்ற ஆள் இனி கிடையாது. கவுண்டி ஒப்பந்தம் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் வரை ஆளைக் கட்டிவைக்கிறது. இன்று அங்கே போக்கு நேர்மாறு: ஆடி ஓய்ந்தவர்கள் பிறகு பள்ளிகளுக்குப் பயிற்சியாளராகப் போகிறார்கள். அதாவது ஹெய்க்கின் வேலைக்கு.

வில்காக்ஸைப் பற்றி டீச்சர் தனி இழை தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பியர்ஸோடு கேப்டன் பதவியைப் பங்கிட்ட அந்த எசெக்ஸ் ஆண்டுகளுக்குள் நாம் இன்னும் போகவே இல்லை.